பள்ளி அறிவியல் ஆய்வகம்: சுத்தமும் பாதுகாப்பும் – தருமபுரி, கிருஷ்ணகிரி பள்ளிகளுக்கான கேள்வி-பதில்

வேதியியல் ஆசிரியர்களும் லேப் அசிஸ்டன்ட்களும் துப்புரவுப் பணியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பகுதி வேதியியல் லேபைப் பற்றியது. ஆபத்தும் அழுக்கும் அங்கேதான் அதிகம்.

டெஸ்ட் டியூபை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் காய்ந்ததும் வெள்ளைப் படலம் தெரிகிறது. சோப்பு சரியில்லையா?

சோப்பில் குறையில்லை, தண்ணீரில்தான். நம் பக்கத்து போர் தண்ணீர் பல ஊர்களில் கடின நீர். ஃபுளோரைடு தொல்லைக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அது குடிப்பதற்கு. லேப் சிங்க்கில் கொட்டுவது பல பள்ளிகளில் இன்றும் போர் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகி கண்ணாடியில் ஒட்டிக்கொள்கின்றன. நீர் உலர்ந்தால் சுண்ணாம்புப் படிவு வேறு.

கட்டிச் சோப்பை விட்டுவிட்டு டிடர்ஜென்ட் தூளுக்கு மாறுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போதும். ஏற்கெனவே படிந்திருந்தால் 10 பங்கு தண்ணீரில் 1 பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிக் கலந்து, கண்ணாடிப் பொருள்களைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். பிறகு குழாய் நீரில் மூன்று முறை, காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசுங்கள். கடைசி இரண்டு அலசலுக்கும் வாஷ் பாட்டிலிலிருந்து ஐந்தைந்து மி.லி. போதும். குழாயைச் சாய்த்து உருட்டினால் உள்சுவர் முழுக்க நனைந்துவிடும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். உள்சுவரில் நீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். ஆங்காங்கே முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது என்று பொருள்.

உப்புப் பகுப்பாய்வில் எந்த உப்பைக் கொடுத்தாலும் பாதிப் பிள்ளைகள் 'குளோரைடு' என்று எழுதுகிறார்கள். ஏன்?

அவர்கள் கண்டது குளோரைடுதான். உப்பிலிருந்து வந்ததல்ல, உங்கள் குழாயிலிருந்து வந்தது. ஒரு டெஸ்ட் டியூபில் வெறும் போர் தண்ணீரைப் பிடித்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் நாலு சொட்டு, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். பால்போலக் கலங்கும். பேரியம் குளோரைடு விட்டால் சல்ஃபேட்டுக்கும் கலங்கல் வரலாம். அம்மோனியம் ஆக்சலேட் விட்டால் கால்சியமும் 'இருக்கிறது'. கரைசல் தயாரிப்பதும் கடைசி அலசலும் காய்ச்சி வடித்த நீரில் நடந்தால் இந்தக் குழப்பமே வராது.

கேன் வாங்கும்போது ஒவ்வொரு கேனிலும் அதே சில்வர் நைட்ரேட் சோதனையைச் செய்யுங்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கும் நீரும் இந்தச் சோதனையில் தெளிவாக இருந்தால் போதும். ஆர்.ஓ. தண்ணீர் போதாது, அதிலும் உப்பு மிச்சமிருக்கும்.

தரம்பார்த்தலிலும் (டைட்ரேஷன்) இதே கதைதான். லிட்டருக்கு 300 மி.கி. காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) உள்ள நீர் 5 மி.லி. கூம்புக் குடுவையின் அடியில் தேங்கியிருந்தால், 0.1 நார்மல் அமிலத்தில் 0.3 மி.லி.யை அதுவே விழுங்கிவிடும். பிள்ளையின் கை சரியாக இருந்தும் மதிப்பு தள்ளிப்போகும். கூம்புக் குடுவை ஈரமாக இருக்கலாம், ஆனால் அந்த ஈரம் காய்ச்சி வடித்த நீராக இருக்க வேண்டும். பியூரெட்டையும் பிப்பெட்டையும் மட்டும் அவற்றில் நிரப்பப் போகும் கரைசலாலேயே அலச வேண்டும்.

பியூரெட்டில் பழுப்புக் கறை போகவில்லை. திருகும் இறுகிவிட்டது.

பழுப்புக் கறை பெர்மாங்கனேட் விட்டுச்சென்ற மாங்கனீசு டையாக்சைடு. பிரஷ்ஷால் போகாது. 100 மி.லி. வெதுவெதுப்பான நீரில் 5 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்து, நீர்த்த கந்தக அமிலம் 5 மி.லி. சேர்த்து பியூரெட்டில் நிரப்பினால் சில நிமிடங்களில் கரைந்துவிடும். ஆக்சாலிக் அமிலம் நச்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி கழுவ குரோமிக் அமிலக் கலவையை இன்னும் வைத்திருக்கும் பள்ளிகள் அதைக் கைவிடலாம். கறைக்காகப் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியத்தை வளர்ப்பானேன்?

கண்ணாடித் திருகு இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு. காரம் கண்ணாடியை மெல்ல அரிக்கும், காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடோடு சேர்ந்து திருகின் இடுக்கில் உறையும். பீரியட் முடிந்த உடனே காலி செய்து, அலசி, திருகைக் கழற்றித் துடைத்து, வாசலின் லேசாகத் தடவி, இடையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி வையுங்கள். இறுகிப்போனதை இடுக்கி போட்டுத் திருக வேண்டாம், உடைந்து கையைக் கிழிக்கும். வெந்நீரில் ஊறவைத்து மெதுவாகப் பாருங்கள். வராவிட்டால் போகட்டும், புதிதாக வாங்கும்போது டெஃப்லான் திருகு உள்ளதை வாங்குங்கள்.

லேப் தரையை பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் போட்டுத் தேய்க்கலாமா?

ஒருபோதும் கூடாது. கழிவறைக்கு வாங்கும் 'ஆசிட்' என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் அந்த இடத்திலேயே குளோரின் வாயு கிளம்பும். கண் எரியும், நெஞ்சு அடைக்கும். 'ரெண்டும் சேர்ந்தா நல்லா வெளுக்கும்' என்ற நம்பிக்கை நம்மூரில் பரவலாக இருப்பதால் லேப் சுத்தம் செய்யும் அக்காவிடம் இதை வாயாலேயே சொல்லிவிடுங்கள், சுற்றறிக்கை போதாது. அமோனியா சிந்திய இடத்திலும் பிளீச்சிங் பவுடர் ஆகாது. யாராவது கலந்துவிட்டால் எல்லோரும் வெளியேறி, வெளியே நின்றபடி திறக்க முடிந்த கதவு ஜன்னல்களைத் திறந்து, வாடை முழுக்கப் போகும்வரை உள்ளே போகக் கூடாது.

தரைக்கு டிடர்ஜென்ட் கலந்த தண்ணீரும் ஈரத் துடைப்பமும் போதும். காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கினால் மேஜையிலிருந்து உதிர்ந்த உப்புத்தூள் காற்றில் எழும். இன்னொன்று: தரையில் கிடக்கும் 'தண்ணீர்' தண்ணீர்தானா என்று ஆசிரியர் லிட்மஸ் தாளால் பார்த்த பிறகே துப்புரவுப் பணியாளரை உள்ளே விட வேண்டும்.

மேஜைக்கு கடப்பா கல்லா, கிரானைட்டா?

கிரானைட். கடப்பா என்று விற்கும் கறுப்புக் கல் சுண்ணாம்புக்கல் வகை. அதன் மேல் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விழுந்தால் பொங்கும், நாளடைவில் குழியாகும், குழியில் உப்பும் அழுக்கும் தங்கும். கிரானைட் சிலிக்கேட் பாறை, பள்ளியில் பயன்படும் அமிலங்கள் அதை ஒன்றும் செய்யா. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்குக் குறைவில்லை, மேஜை அளவுக்கு மிச்சத் துண்டுகள் கேட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே கடப்பா போட்டாயிற்று என்றால் அமில பாட்டில்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வையுங்கள்.

அமிலத்தை நீர்க்கச் செய்யும் அளவுகள்?

கடையில் வரும் அடர் ஹைட்ரோகுளோரிக் சுமார் 12 மோலார் (லிட்டருக்கு எத்தனை மோல் என்ற செறிவு அளவு), கந்தக அமிலம் சுமார் 18, நைட்ரிக் சுமார் 16. ஒரு லிட்டர் 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் வேண்டுமானால் 700 மி.லி. தண்ணீரில் 167 மி.லி. அமிலத்தைச் சேர்த்து, பிறகு ஒரு லிட்டர் ஆக்குங்கள். 1 மோலார் கந்தக அமிலத்துக்கு 56 மி.லி.

தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே. கந்தக அமிலம் தண்ணீரோடு சேரும்போது எழும் வெப்பம் அதிகம். அமிலத்தின் மேல் தண்ணீர் விட்டால் அந்த நீர் அங்கேயே கொதித்து அமிலத்தைத் தெறிக்கவிடும். பீக்கரை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்துச் செய்யுங்கள். அளவு ஜாடியில் நேரடியாக நீர்க்கச் செய்தால் சூட்டில் அடி விரிசல் விடும். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம், ஐந்து நிமிட வேலை என்றாலும்.

கோடையில் அமோனியா பாட்டிலைத் திறந்தால் சீறுகிறது.

சித்திரை வெயிலில் ஓட்டுக் கட்டிட லேபின் அலமாரி அடுப்பைப் போலத்தான். அடர் அமோனியாக் கரைசலிலிருந்து வாயு பிரிந்து மூடிக்குக் கீழ் அழுத்தமாக நிற்கும். திறப்பதற்கு அரை மணி முன்பு பாட்டிலைக் குளிர்ந்த நீர் உள்ள வாளியில் கழுத்தளவு நிறுத்துங்கள். பிறகு வெளியே அல்லது ஜன்னலோரம், மூடிமேல் ஈரத்துணி போர்த்தி, முகத்தை விலக்கி, கால் திருகு திருகி ஒரு கணம் நிறுத்தி, சத்தம் அடங்கியபின் முழுதாகத் திறங்கள்.

அமோனியாவையும் ஹைட்ரோகுளோரிக்கையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பாட்டில்கள் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது தூசி அல்ல, இரண்டின் ஆவியும் கூடி உண்டான அம்மோனியம் குளோரைடு.

ரசாயனங்களை அகர வரிசையில் அடுக்கினால் எடுக்க வசதியாக இருக்குமே?

பட்டியலை அகர வரிசையில் எழுதுங்கள், அலமாரியை அப்படி அடுக்காதீர்கள். அமிலங்கள் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் தட்டுக்குள். நைட்ரிக் அமிலம் தனியாக, ஸ்பிரிட்டிலிருந்தும் அசிட்டோனிலிருந்தும் தள்ளி. பொட்டாசியம் பெர்மாங்கனேட், குளோரேட், நைட்ரேட்கள் எரியும் பொருள்கள் பக்கம் வரக் கூடாது. சோடியம் மண்ணெண்ணெயில் முழுதாக மூழ்கியிருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள், நம் வெயிலில் மண்ணெண்ணெய் வேகமாக இறங்கும். கண் மட்டத்துக்கு மேல் திரவம் எதுவும் வேண்டாம்.

லேபிளில் பெயர், செறிவு, தயாரித்த தேதி. பால்பாயின்ட் மையை அமில ஆவி வெளுத்துவிடும். பென்சிலால் எழுதி மேலே டேப் ஒட்டினால் வருடக்கணக்கில் நிற்கும்.

ஜூனில் லேப் திறந்ததும் பர்னர் மஞ்சளாக எரிகிறது, சில சமயம் 'டப்'பென்று உள்ளே இறங்குகிறது.

விடுமுறையில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். காற்றுத் துளை அடைபட்டால் மஞ்சள் சுடரும் புகையும். வாயு வரும் நுண்துளை அடைபட்டால் சுடர் உள்ளே இறங்கும். அப்படி இறங்கினால் முதலில் வால்வை மூடுங்கள். பர்னர் ஆறியபின் கழற்றி ஊசியாலும் பிரஷ்ஷாலும் சுத்தம் செய்யுங்கள். ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு கண்டால் மாற்றிவிடுங்கள். கசிவு பார்க்க சோப்பு நுரைதான், தீக்குச்சி அல்ல. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். வாடை வந்தால் ஃபேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திறங்கள்.

ஸ்பிரிட் லாம்ப் வைத்திருப்போருக்கு: மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், கால் பங்குக்குக் கீழே போக விட வேண்டாம். எரியும் விளக்கில் ஊற்றக் கூடாது. பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியாது, அணைந்துவிட்டதென்று நினைத்து ஊற்றியவர்களுக்குத்தான் தீப்பிடிக்கும். ஊதி அணைக்காமல் மூடியால் மூடுங்கள். சிந்தி எரிந்தால் ஈரச் சாக்கு அல்லது மணல்.

விடுமுறைக்குப்பின் சிங்க் அடியில் கையை விடும் முன் டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. தேள் தங்க அதைவிடச் சுகமான இடமில்லை.

கண்ணில் ஆசிட் தெறித்தால் முதலில் ஆஸ்பத்திரியா, தண்ணீரா?

தண்ணீர். உடனே, குறைந்தது 15 நிமிடம், கண்ணை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக வழியும்படி. காரம் பட்டிருந்தால் இன்னும் நேரம். அது அமிலத்தைவிட ஆழமாக இறங்கும். ஒருவர் கழுவிக்கொண்டிருக்க இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். அஞ்செட்டி, பென்னாகரம் மலைப்பக்கப் பள்ளிகளில் வண்டி வந்துசேரும் நேரத்தைக் கணக்குப் போட்டால், கண்ணைக் காப்பது லேபில் இருக்கும் தண்ணீர்தான் என்பது புரியும்.

அதனால்தான் 'குழாய் இருக்கிறதே' என்று இருக்கக் கூடாது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, டேங்க் காலியாக இருக்கும் நாளும் உண்டு. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் வழிந்தாலும் 15 நிமிடத்துக்கு இருபத்திரண்டு லிட்டருக்குமேல் வேண்டும். குழாய் பொருத்திய 20 லிட்டர் கேன் இரண்டை இதற்கென்றே வையுங்கள், வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். நல்ல தண்ணீர் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம், போர் தண்ணீராக இருந்தாலும் கழுவுங்கள்.

தோலில் பட்டாலும் ஓடும் நீர்தான், நனைந்த துணியைக் கழற்றிவிட்டு. தோல்மேல் அமிலத்துக்குச் சோடா, காரத்துக்கு வினிகர் என்று வைத்தியம் செய்ய வேண்டாம். அது மேஜையில் சிந்தியதற்கு: அமிலத்தின் மேல் சமையல் சோடாவை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தூவுங்கள், நுரை நின்றபின் துடையுங்கள். அடர் கந்தக அமிலமானால் முதலில் மணல்.

தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் ஓடுகிறது. பிள்ளைகள் உருட்டி விளையாடுகிறார்கள்.

அறையைக் காலி செய்யுங்கள், ஜன்னலைத் திறங்கள், ஃபேனை நிறுத்துங்கள். விளக்குமாறு உருண்டைகளை இன்னும் பொடியாக்கும். கையுறையோடு இரண்டு அட்டைகளால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து, இங்க் ஃபில்லரால் உறிஞ்சி, தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். இடுக்கில் போனதன்மேல் கந்தகத் தூள் தூவி அட்டையால் திரட்டி எடுங்கள். தங்க மோதிரத்தை முன்பே கழற்றிவிடுங்கள், பாதரசம் அதில் ஏறிவிடும். அடுத்த கொள்முதலில் ஆல்கஹால் தெர்மாமீட்டர்.

எல்லாவற்றையும் சிங்க்கில் ஊற்றி நிறையத் தண்ணீர் விட்டால் போதாதா?

உங்கள் சிங்க் எங்கே போகிறது என்று ஒரு தடவை பின்னால் சென்று பாருங்கள். சாக்கடை இல்லாத பள்ளிகளில் உறிஞ்சுகுழிக்குப் போகும், பக்கத்திலேயே போர் இருக்கும். ஈயமும் பேரியமும் அங்கிருந்து திரும்பி வரலாம்.

நீர்த்த அமிலத்தையும் காரத்தையும் சரிக்கட்டி ஊற்றலாம். அமிலக் கழிவுக்கு அரை வாளி தண்ணீரில் 200 கிராம் சலவைச் சோடா, அதில் கழிவை மெல்ல ஊற்றி நுரை அடங்கியதும் லிட்மஸ் பாருங்கள். ஈயம், பேரியம் கலந்த கழிவுக்கு 5 லிட்டர் கேன் ஒன்று தனியாக: சோடியம் சல்ஃபேட் கரைசல் சேர்த்தால் இரண்டும் வெள்ளையாகப் படியும், படிவை உலர்த்தி லேபிளோடு வையுங்கள். செம்பு, குரோமியம், பாதரசத்துக்குத் தனித்தனி. சேர்ந்ததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். கழிவைக் குறைக்கும் வழி இன்னும் எளிது: ஒரு சோதனைக்கு உப்பு அரிசி மணி அளவு, கரைசல் பத்துச் சொட்டு. டெஸ்ட் டியூபைப் பாதி நிரப்பினால்தான் முடிவு தெரியும் என்பது வெறும் பழக்கம்.

டாலன்ஸ் கரைசலை (ஆல்டிஹைடு சோதனைக்கான, அமோனியா சேர்த்த சில்வர் நைட்ரேட்) மட்டும் கேனிலும் வைக்க வேண்டாம், நாளைக்கென்றும் வைக்க வேண்டாம். நின்றால் வெடிக்கக் கூடிய வெள்ளிச் சேர்மம் உண்டாகும். அன்றே தயாரித்து, முடிந்த கையோடு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் சேர்த்து அழித்துவிடுங்கள். குழாயில் ஒட்டிய வெள்ளி ஆடியை நீர்த்த நைட்ரிக் கரைத்துவிடும்.

உயிரியல், இயற்பியல் லேபுகளுக்கு?

ஃபார்மலின் ஜாடிகளின் மூடியை வாசலினோ மெழுகோ கொண்டு அடையுங்கள். அறையில் நுழைந்ததும் கண் கரித்தால் எங்கோ கசிகிறது. ரத்த வகை சோதனைக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு ஊசி, ஸ்லைடுகள் 1% ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம். நுண்ணோக்கி லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். இயற்பியலில் சுற்றை இணைத்தபின் ஆசிரியர் பார்க்காமல் சுவிட்ச் இல்லை. சோடியம் விளக்கு அணைந்தபின்னும் கால் மணி நேரம் சுடும்.

அலமாரியின் பின்வரிசையில் லேபிளே இல்லாத பழைய பாட்டில்கள் இருக்கின்றன. மோந்து பார்த்தோ தொட்டுப் பார்த்தோ கண்டுபிடிக்கலாமா?

கூடாது. திறக்கவே வேண்டாம். குறிப்பாக மஞ்சள் படிகமாக உலர்ந்து, மூடியைச் சுற்றிலும் பூத்திருந்தால் அது பிக்ரிக் அமிலமாக இருக்கலாம். உலர்ந்த பிக்ரிக் அமிலம் உராய்விலேயே வெடிக்கும், மூடியைத் திருகுவதே உராய்வுதான். நகர்த்தாமல், அலமாரியைப் பூட்டி, மேலே 'தொடாதே' என்று எழுதி ஒட்டி, தலைமையாசிரியர் மூலம் தீயணைப்பு நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மற்ற அடையாளமற்ற பாட்டில்களை 'அடையாளம் தெரியாதது' என்று தேதியோடு லேபிள் ஒட்டி, ஒரு தட்டில் தனியே வைத்து, கழிவு நிறுவனம் வரும்போது கொடுத்துவிடுங்கள்.